கீழ் வீட்டு ரிசீவர்

மேல் வீட்டுக்கு எவ்வளவு வேகம் குடுத்திருக்கீங்க தம்பி? நூறா? அப்ப எனக்கு நூத்தம்பது போடுங்க. எனக்கு என்ன வேலைன்னு கேக்காதீங்க. நான் உபயோகப்படுத்துவேனோ, சும்மா ஓட விட்டு வேடிக்கை பாப்பேனோ, அது என் இஷ்டம். மேல நூறு ஓடும்போது கீழ நாப்பது ஓடினா நல்லாவா இருக்கும்? இந்த வீட்டுக்கு நான் மூத்த மருமக.

செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க. ஏணி கொல்லைப்பக்கம் இருக்கு. காபி குடிப்பீங்கள்ல? மேல குடுத்தாளா? குடுத்தாளா, சரி. அவளோடது டப்பா பொடி. நான் டிகாஷன் போட்டுத் தரேன், குடிச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. சொல்ல வேணாம், மனசுல வச்சுக்கங்க.

அவளே வந்து சொன்னா தம்பி. "எதுக்குக்கா தனியா, எங்க பாஸ்வேர்டையே போட்டுக்கங்க, வீடு ஒண்ணுதானே"ன்னா. கேட்டீங்களா பேச்சை? எங்க பாஸ்வேர்டு. எங்க. வேணாம்மான்னுட்டேன். ஒரு தடவை அவ குடுத்து நான் பேசினேன். அதுல பட்டது இந்த ஜென்மத்துக்குப் போதும்.

இந்தப் பொட்டி சத்தம் போடுமா? போடாதா? சத்தமே போடாதுன்னா உள்ள ஆள் வந்தாச்சுன்னு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல மோடம்னு ஒண்ணு இருந்துச்சு தம்பி. உங்களுக்கு என்ன தெரியும், நீங்க அப்பதான் பொறந்திருப்பீங்க. அது முதல்ல போன் மாதிரி டக் டக்குனு நம்பர் போடும். அப்புறம் விசிலடிக்கும். அப்புறம் தகர டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி கரகரன்னு ஒரு சண்டை. திடீர்னு எல்லாம் அடங்கிரும். அடங்கிட்டா லைன் கிடைச்சுருச்சுன்னு அர்த்தம். அந்தச் சத்தத்தை இப்ப எங்க கேக்க முடியுது? இப்பவும் மிக்ஸி ஓடி நின்னா எனக்கு மேல பாக்கத் தோணும்.

மேல் வீட்டுக்காரின்னா வாடகைக்கு இருக்கறவன்னு நினைச்சுட்டீங்களா? என் ஓரகத்தி தம்பி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. பொற்கொடின்னு பேரு. காலேஜ் படிச்சவ. நான் ஒம்பதாவதோட சரி. அவ புருஷன் ஞானசேகரன் அப்ப மஸ்கட்ல ஏசி மெக்கானிக். எங்க வீட்டுக்காரரு ஒர்க் ஷாப்ல ஸ்டோர் கிளார்க். காலையில சைக்கிள்ல போவாரு, சாயங்காலம் சைக்கிள்ல வருவாரு. நல்ல மனுஷன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பேசற பழக்கமும் கிடையாது.

லீவுல வந்த ஞானசேகரன் பொண்டாட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி மேல வச்சுட்டுப் போனான். அதுக்கு அவ பூப்போட்ட துணியில உறை தச்சுப் போட்டிருந்தா. ஆயுத பூசைக்கு அதுக்குச் சந்தனம், குங்குமம். என் தையல் மிஷினுக்கு வச்ச பொட்டை விட அதுக்கு வச்ச பொட்டு பெருசு. நான் பாக்கலைன்னு நினைச்சா.

போன் மட்டும் கீழ. இதே ஹால்ல, நீங்க இப்ப ஓட்டை போடற செவத்துக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பேர்ல எழுதிப்போட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வந்த போன். அதுலேருந்து மேல ஒரு ஒயர் இழுத்துக்கிட்டா. இழுத்துக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அந்த ஊர்ல லீவு. எங்க வீட்டுக்காரருக்கும் ஒர்க் ஷாப்ல அன்னைக்குத்தான் வார லீவு. மத்தியானம் அவன் அங்க கம்ப்யூட்டர் கடையில வந்து உக்காந்ததும் இங்க போன் பண்ணுவான். ரெண்டு மணி அடிச்சுட்டு வச்சுருவான். "நான் வந்தாச்சு, நீ வா"ன்னு அர்த்தம். அதை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தா அவனுக்குக் காசு போயிரும். என் வீட்டு போன், என் கைக்கு எட்டற தூரத்துல அடிக்குது, நான் எடுக்கக்கூடாது. நியாயத்தைப் பாருங்க.

அந்த ரெண்டு மணி கேட்டதும் அவ சாப்பிடற கையோட மாடிக்கு ஓடுவா. கொலுசு போடற வயசா அது? கொலுசு போட்டிருந்தா. அப்புறம் மேல விசில், கரகர, அடங்கல். ஒரு மணி நேரத்துக்கு வீடே கப்சிப்னு இருக்கும். இறங்கி வரும்போது அவ மூஞ்சியைப் பாக்கணுமே. பூவை ஈரத்துணியில வச்சு எடுத்த மாதிரி இருக்கும்.

ஒரு மணி நேரம் தம்பி. ஒரு மனுஷன் பொண்டாட்டிகிட்ட ஒரு மணி நேரம் என்ன பேசுவான்? எங்களுக்குக் கல்யாணம் ஆகி அப்ப பதினாறு வருஷம். எல்லாப் பேச்சையும் சேத்துக் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வருமான்னு எனக்குச் சந்தேகம். எனக்குத் தூக்கமே வரல. பொறாமைன்னு நினைக்காதீங்க, பொறாமைங்கறது என் பிறவியிலேயே கிடையாது. தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான்.

என் போன் ஒயர்லதானே பேசறாங்க? அப்ப என் போனை எடுத்தா எனக்குக் கேக்கணும்ல? ஒரு வெள்ளிக்கிழமை மெதுவா ரிசீவரை எடுத்துக் காதுல வச்சேன். காது கிழிஞ்சுது தம்பி. ஒரே இரைச்சல். ஒரு வார்த்தை புரியல. நான் என்ன நினைச்சேன் சொல்லுங்க? நான் கேக்கக்கூடாதுன்னே ரெண்டு பேரும் இப்படி ஒரு பாஷையில பேசிக்கறாங்கன்னு நினைச்சேன். சிரிக்காதீங்க. அன்னைக்கு யாராயிருந்தாலும் அதைத்தான் நினைப்பாங்க. சரி, எந்தப் பாஷையா இருந்தாலும் கேக்கக் கேக்கப் பழகிரும்னு அடுத்த வாரமும் எடுத்தேன். அதுக்கு அடுத்த வாரமும் எடுத்தேன். நடுவுல என் வீட்டுக்காரரு பேரு வருதா, என் பேரு வருதான்னு ஒரு கவனம்.

நான் எடுக்கறப்பல்லாம் மேல லைன் அறுந்துபோகுமாம். எனக்கு எப்படித் தெரியும்? அவ இறங்கி வந்து, "அக்கா, போனை எடுத்தீங்களா?"ன்னு கேட்டா. நேருக்கு நேர். தான் திருடி பிறரை நம்பாள்னு சும்மாவா சொன்னாங்க? "மணி அடிக்கலையே, செத்துக்கித்துப் போச்சான்னு எடுத்துப் பாத்தேன்"னேன். அதுல என்ன தப்பு? போன்னு ஒண்ணு இருந்தா உயிரோட இருக்கான்னு பாக்க வேணாமா? தெரிஞ்ச பிறகும் எடுத்தீங்களான்னு பாக்கறீங்க. எடுத்தேன். உயிரோட இருக்கான்னு வாராவாரம்தானே பாக்கணும்.

வேற ஒருத்தியா இருந்தா சண்டைக்கு வந்திருப்பா. அவ வரல. அதுதான் அவ சாமர்த்தியம். ஒரு வெள்ளிக்கிழமை, "வாங்கக்கா, வந்து பக்கத்துல உக்காருங்க, நாங்க பேசறதைப் பாருங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா. எனக்கு ஒரு நாற்காலி, அவளுக்கு ஒரு ஸ்டூல். எனக்கு நாற்காலியைக் குடுத்துத் தான் நல்லவன்னு காட்டிக்கறா.

பாத்தேன் தம்பி. பேச்சே இல்ல. எழுத்து. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். ஒம்பதாவது படிச்சிருக்கேன்ல, எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். அவன் கேக்கறான், என்ன கொழம்புன்னு. இவ வத்தக்கொழம்புங்கறா. சுண்டக்காயா மணத்தக்காளியாங்கறான். மணத்தக்காளி. அப்பளம் சுட்டதா பொரிச்சதா? சுட்டது. ஏன் சுட்டது, எண்ணெய் தீந்துருச்சா? இல்ல, உனக்குச் சுட்டதுதானே பிடிக்கும். நான் இல்லாதப்பவுமா? நீ இல்லாதப்பவும்தான்.

அவ்வளவுதான் தம்பி. ஒரு மணி நேரமும் இதுதான். மழை வந்துச்சா, துணி காஞ்சுச்சா, கால் வலி எப்படி இருக்குன்னு.

எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. சினிமாவுல வர மாதிரி கண்ணே மணியேன்னு எழுதியிருந்தா நான் தாங்கியிருப்பேன். சின்னஞ்சிறுசுங்க, தூரத்துல இருக்குதுங்கன்னு விட்டிருப்பேன். இது தாங்க முடியல. அந்த வத்தக்கொழம்பை வச்சது யாரு தெரியுமா? நான். அன்னைக்குச் சமையல் என் முறை. நான் வச்ச கொழம்பை எட்டாத சீமையில இருக்கறவன் ஒரு மணி நேரம் கேக்கறான். அதே கொழம்பை ஊத்திச் சாப்பிட்டுட்டு எங்க வீட்டுக்காரரு கீழ பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு.

நேரா இறங்கி வந்து, "இன்னைக்கு என்ன கொழம்பு?"ன்னு கேட்டேன். பேப்பரை இறக்கிட்டு என்னைப் பாத்தாரு. ஏதோ கணக்குல உதைக்குதுன்னு நினைச்சிருப்பாரு. "சாம்பார்"னாரு. கொஞ்சம் யோசிச்சுட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு"ன்னாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வேணும். அவளுக்கு ஒரு மணி நேரம்னா எனக்கு அரை மணி நேரமாவது வேணும்.

முக்குல அந்தோணிராஜ்னு ஒருத்தன் பிரவுசிங் சென்டர் வச்சிருந்தான். எங்க வீட்டுக்காரரை அங்க போகச் சொன்னேன். "எதுக்கு?"ன்னாரு. "என்கூடப் பேச"ன்னேன். "நீதான் இங்கயே இருக்கியே"ன்னாரு. எப்படி இருக்கு பாருங்க. ஒரு வாரம் சாப்பாடு போட்டுட்டுப் பேசாமலே இருந்தேன். அது அவருக்குத் தெரியல. அப்புறம் வாய் விட்டே அழுதேன். அது தெரிஞ்சுது. சரின்னாரு.

அங்க போய் என்ன கேக்கணும்னு நானே சொல்லிக் குடுத்து அனுப்பினேன். முதல்ல சாப்டியான்னு கேளுங்க. அப்புறம் என்ன கொழம்புன்னு கேளுங்க. அப்பளம் பத்திக் கேட்டாலும் கேக்கலாம். தலையை ஆட்டிட்டு, தேச்ச சட்டை போட்டுக்கிட்டுப் போனாரு. ஒர்க் ஷாப்புக்குக்கூட தேச்ச சட்டை போடமாட்டாரு தம்பி. தெரு திரும்பற வரைக்கும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

அன்னைக்கு ஞானசேகரனை வர வேணாம்னு பொற்கொடி முன்னாடியே சொல்லி வச்சுட்டா. எனக்கு ஒரு பேரு போட்டு எல்லாம் தயார் பண்ணி வச்சா. நான் பட்டுப்புடவை கட்டலாமான்னு யோசிச்சுட்டு, அவ சிரிப்பான்னு சுங்குடி கட்டிக்கிட்டேன். கீழ ரெண்டு மணி அடிச்சுது தம்பி. ரெண்டே மணி. அடிச்சு நின்னுது. எனக்கு அடிச்ச மணி அது. அந்த நேரத்துல என் நெஞ்சு அடிச்ச அடி, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி அடிக்கல.

விசில், கரகர, அடங்கல். என் பேரு, அவரு பேரு. அவரு பேரை நான் வாயால சொல்லமாட்டேன், திரையில இங்கிலீஷ்ல இருந்துச்சு. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு மஞ்ச மூஞ்சி சிரிச்சுக்கிட்டு இருக்கும். ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். போயிட்டா சாம்பல் நிறமா ஆயிரும். பொற்கொடி எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு, "நீங்க பேசுங்கக்கா, நான் கீழ போய் அடுப்பைப் பாத்துக்கறேன்"னு இறங்கிப் போயிட்டா. எவ்வளவு நல்ல மனசு பாருங்கன்னு அப்ப நினைச்சேன்.

சாப்டியான்னு வந்துச்சு. ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி, சாப்டேன்னு அடிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு, என்ன கொழம்புன்னு வந்துச்சு. நான் சொல்லிக் குடுத்ததுதான் தம்பி. என் வாயிலேருந்து போனது, அவரு விரல் வழியா திரும்பி வருது. இருந்தும் அது திரையில வந்தப்ப எனக்குக் கண்ணு முட்டிருச்சு. பருப்பு உருண்டைக் கொழம்புன்னு அடிச்சேன். எவ்வளவு நீளமான பேரு பாருங்க, அதை முழுசா அடிச்சேன்.

அப்பளம் வரும்னு காத்திருந்தேன். வரல. அதுக்குப் பதிலா என் பேரு வந்துச்சு. மங்கைன்னு.

மங்கையர்க்கரசி என் பேரு. பதினாறு வருஷத்துல என்னை அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "இந்தா"ம்பாரு, இல்லைன்னா தொண்டையைச் செருமுவாரு. மங்கைன்னு வந்துச்சு தம்பி. அதை நான் சொல்லிக் குடுக்கல. அதுக்குக் கீழ, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன்னு வந்துச்சு. அதையும் நான் சொல்லிக் குடுக்கல.

சொல்லுங்கன்னு அடிச்சேன். திரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு பேருக்குப் பக்கத்துல இருந்த மூஞ்சி பட்டுனு சாம்பலாயிருச்சு.

அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணுமே வரல.

கீழ யாரு இருந்தா? பொற்கொடி இருந்தா. போன் எங்க இருந்துச்சு? கீழ இருந்துச்சு. இதுக்கு மேல ஒருத்தர் சொல்லணுமா? தடதடன்னு இறங்கி வந்து, "ஏண்டி எடுத்த?"ன்னு கேட்டேன். அடுப்பங்கரையில நின்னுகிட்டு, "நான் போன் பக்கமே போகலக்கா"ங்கறா. கையெல்லாம் மாவு. மாவை எப்ப பூசிக்கிட்டாளோ. மேல வந்து பாத்துட்டு, "லைன் இருக்கேக்கா, அறுந்துபோகலையே"ன்னு எனக்கே பாடம் நடத்தறா. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா? பொறாமை தம்பி. அடுத்தவ புருஷன் ஒருநாள் வாயைத் திறந்தது அவளுக்குப் பொறுக்கல. எல்லாம் தனக்கு மட்டுமே இருக்கணும். சில பேரு பிறவியே அப்படி.

அவரு வந்தாரு. கையில ஒரு கட்டு முருங்கைக்கீரை. "என்ன ஆச்சு?"ன்னேன். "கட்டாயிருச்சு"ன்னாரு. பாத்தீங்களா, அவரே சொல்லிட்டாரு. "என்ன சொல்ல வந்தீங்க?"ன்னேன். "மறந்துபோச்சு"ன்னாரு. சட்டையை மாத்திட்டுப் பேப்பரை எடுத்துக்கிட்டாரு. மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை போங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். போகவே இல்ல. போனா இவ மறுபடி எடுப்பான்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.

அந்தோணிராஜ் ஒருநாள் மார்க்கெட்ல பாத்துட்டு, "அண்ணன் பாதி நேரத்துலயே எந்திரிச்சுட்டாருக்கா, மிச்ச நேரத்துக்கு ஒருநாள் வரச் சொல்லுங்க"ன்னான். கட்டாயிட்டா எந்திரிக்காம என்ன பண்ணுவாரு? சாம்பல் மூஞ்சியைப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பாரு?

அதுக்கப்புறம் நான் அவகூட ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசல. வாராவாரம் லைன் அறுந்து அறுந்து ஞானசேகரனுக்கு வெறுத்துப்போய், மஸ்கட்டே வேணாம்னு பொட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட்டான். ஏன் அறுந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க, அந்தக் காலத்துல லைன் அப்படித்தான். வந்தவன் இங்கயே ஏசி ரிப்பேர் கடை போட்டான். முன்னாடி வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம். இப்ப நாள் பூரா பேச்சு. இந்த மச்சுல எல்லாம் கேக்கும் தம்பி. இந்த வயசுலயும் சாப்பாட்டு நேரத்துல என்ன கொழம்புன்னு கேக்கறான். அவளும் சலிக்காம சொல்றா. எனக்கு எங்க போய் முட்டிக்கறதுன்னு தெரியாது.

அவரு போய் மூணு வருஷம் ஆகுது. ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து கேட்டேன். "அன்னைக்குக் கட்டாயிருச்சே, என்ன சொல்ல வந்தீங்க?"ன்னு. கண்ணைத் திறந்து பாத்தாரு. "கீரை வாங்கணும்"னாரு. நினைவு தப்பிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. என் மகன், "என்னம்மா இந்த நேரத்துல"ன்னு என்னைக் கோவிச்சுக்கிட்டான். அவனுக்கு என்ன தெரியும்.

அதனாலதான் சொல்றேன், அவ பாஸ்வேர்டு எனக்கு வேணாம். மனசாரச் சொல்றேன் தம்பி, அவ எனக்கு எது பண்ணியிருந்தாலும் மறந்துருவேன். என் வாழ்நாள்ல எனக்குன்னு வந்த ஒரே ஒரு வார்த்தையை நடுவுல பிடுங்கிப் போட்டாளே, அதை எப்படி மறக்கறது?

என்ன கேக்கறீங்க? யாரு மூஞ்சியா? அவரு மூஞ்சிதான், அவரு பேருக்குப் பக்கத்துல இருந்தது. என்னோடதா? என்னோடது மஞ்சளாத்தான் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அதுக்கு என்ன?

கீழ போனை எடுத்திருந்தா என்னோடதுதான் போயிருக்குமா? அவரோடது மட்டும் போச்சுன்னா, அந்தப் பக்கம் அவரே...

நீங்க சின்னப் பிள்ளை தம்பி. அந்தக் காலத்து லைன் உங்களுக்குத் தெரியாது. செவத்தைப் பாத்து ஓட்டை போடுங்க, சுண்ணாம்பு உதிருது.

அவதான் எடுத்தா. அவ எடுக்கலைன்னு நீங்க சொல்லிட்டு ஏணியை விட்டு இறங்கிப் போயிருவீங்க. நான் இந்த வீட்லதான் இருக்கணும். அவ எடுக்கலைன்னா, அவரு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாம எந்திரிச்சுப் போனாருன்னு ஆயிரும். அதுக்கு நான் அவ மேல கோவமாவே இருந்துட்டுப் போறேன்.